ஆடிக் காற்றில் சைக்கிள்: பொள்ளாச்சியிலிருந்து சத்தியமங்கலம் வரை

சனி: ஈரோடு – கோவை – பொள்ளாச்சி

ஆடி மாதத்தில் கொங்கு நாட்டில் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் வழிவிட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று கிழக்கே ஓடுகிறது. ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மிதித்துப் போனால் வழி முழுக்க எதிர்காற்றுதான். அதனால் சைக்கிள்களை ரயிலில் கோவைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தெற்கே பொள்ளாச்சிக்கு ஓட்டி, பிறகு காற்று முதுகில் தள்ள ஊர்ப்பக்கம் திரும்புவது என்று நானும் மாமாவும் பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டு வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடர் முழுக்க அவற்றின் சண்டைதான். என்னுடையது 700சி என்கிற அளவுச் சக்கரம் போட்ட ஹைப்ரிட் (ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவானது), முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மாமாவுடையது 28 அங்குலக் கறுப்பு சைக்கிள்: ராடு பிரேக், முழு செயின் கவர், பின்னால் மூட்டை வைக்கிற அகலக் கேரியர், கியர் கிடையாது. மாமா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பையில் இருந்த சாமான்களைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன் மாப்ள, இத்தன தூக்கிட்டு வர்றயே, வழியில சைக்கிள் கடைக்காரன் ஒருத்தன்கூடவா இருக்கமாட்டான்?"

கேள்வி சரியானதுதான். என் கணக்கு இது: வழியில் எது கிடைக்குமோ அதைச் சுமக்க வேண்டாம், எது கிடைக்காதோ அது பையில் இருந்தே ஆக வேண்டும். சொல்யூஷன், ஒட்டு ரப்பர், பிரேக் கட்டை, நட்டு, போல்ட்டு, கிரீஸ் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். 700சி டியூப், என் சக்கரத்து அளவுக்கு வெட்டிய போக்ஸ் கம்பி, கியர் கேபிள், ஏழு கியர் செயினுக்கான இணைப்புக் கண்ணி, கியர் மாற்றும்போது பின்னால் செயினை அடுத்த பல்லுக்குத் தள்ளும் டிரெயிலரை (derailleur) சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் எல்லாம் சின்ன ஊர்களில் கிடைக்காது. கடைசியாகச் சொன்ன அந்த ஹேங்கர் ஒரு சின்ன அலுமினியத் துண்டு. அடி பட்டால் சட்டம் வளையாமல் தான் வளைந்துகொள்ளட்டும் என்றே அதை மெத்தென்று செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு. கோவையிலேயே உங்கள் வண்டிக்கு உரியது உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வண்டி வாங்கும்போதே கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். பயணிகளுக்கு உண்டான இலவச லக்கேஜ் சலுகை சைக்கிளுக்குப் பொருந்தாது. எடை போட்டுத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதில் இரண்டு வழி உண்டு. பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் நீங்கள் போகிற வண்டியிலேயே, சாமான் பெட்டியான பிரேக் வேனில் வரும். பார்சலாகப் பதிந்தால் இடம் இருக்கிற வண்டியில் வந்து சேரும், அது இன்றைக்கா நாளைக்கா என்று காத்திருக்க வேண்டும். சைக்கிள் பயணம் போகிறவருக்கு லக்கேஜ்தான் சரி. வண்டி கிளம்ப அரை மணிக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் ஒன்றரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். இன்னொன்று, இரண்டு நிமிடம் மட்டும் நிற்கிற ஸ்டேஷனில் பிரேக் வேனைத் திறந்து சைக்கிளை ஏற்றி இறக்க நேரம் இருக்காது. ஏறுவதும் இறங்குவதும் வண்டி நின்று போகிற பெரிய ஜங்ஷனாக இருக்கட்டும். ஈரோட்டுக்கும் கோவைக்கும் அந்தக் கவலை இல்லை.

கட்டுவதில் என் வழக்கம் இது. சக்கரங்களைக் கழற்றுவதில்லை. உருட்ட முடிகிற சாமானை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். ஹேண்டில்பாரைச் சட்டத்துக்கு நேராகத் திருப்பி இறுக்கிவிடுவேன். பெடல் இரண்டையும் கழற்றிவிடுவேன். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது. ஸ்பேனரின் மேல்முனையைப் பின்சக்கரத்துப் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும் என்று நினைவு வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. பின் கியரைப் பெரிய பல்லில் போட்டுவைத்தால் டிரெயிலர் உள்பக்கம் ஒடுங்கிக்கொள்ளும். அதன் மேல் அட்டைப்பெட்டித் துண்டு, அதற்கு மேல் சாக்கு. பெயர், போகுமிடம், போன் எண் மூன்றையும் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்ட வேண்டும், ஒன்று பிய்ந்தாலும் இன்னொன்று இருக்கும். டயரில் காற்றை இறக்குகிற வேலை விமானத்துக்குத்தான், ரயிலுக்கு வேண்டாம்.

மாமா தன் வண்டிக்கு ஹேண்டிலைக்கூடத் திருப்பவில்லை. ஒரு சாக்கைச் சீட்டின் மேல் போட்டு, "இதுக்கு இது போதும்" என்றார். போதுமாகத்தான் இருந்தது.

கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கி.மீ., அகலமான சாலை. காற்று வலது பக்கமிருந்து அடித்தது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பக்கக் காற்றைச் சமாளிக்க நாம் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவோம். அந்த நேரம் பெரிய லாரி ஒன்று வலப்புறம் கடந்தால் காற்று சட்டென நின்றுபோய், வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். லாரி தாண்டியதும் காற்று ஒரே அறையாக வந்து இடது பக்கம் தள்ளும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டவுடனே கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து, மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்து, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிவிடுவது நல்லது. கிணத்துக்கடவு வரைக்கும் இதே வேலையாகப் போயிற்று.

ஞாயிறு: பொள்ளாச்சி – உடுமலை

சாரல் விட்டு விட்டு. முப்பது கிலோமீட்டர்தான், அதுவும் காற்று பின்னால். ஆழியாறு அணை வரை போய் வரலாமா என்று யோசித்து, மழையைப் பார்த்து விட்டுவிட்டோம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் ஏற்றிப் போய் மேலிருந்து சைக்கிளில் இறங்குகிற ஆசை பலருக்கு இருக்கிறது. இறங்குகிறவர்கள் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வரக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப்பை வெடிக்க வைக்கும். டிஸ்க் என்றால் கட்டை பளபளத்துப் பிடிக்காமல் போகும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி அடுத்ததற்கு முன் பிடிப்பதுதான் முறை. மாமாவின் ராடு பிரேக் வண்டிக்கு அந்த மலையே வேண்டாம். ரிம் நனைந்தால் அந்தப் பிரேக் சமதரையிலேயே யோசித்துத்தான் நிற்கும்.

பொள்ளாச்சியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சைக்கிள் கடைக்காரர் என் டியூப்பில் காற்றடிக்கிற வாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்கண்ணா, பைக் வாய்தான்" என்றார். இது பெரிய விஷயம். சைக்கிள் டியூப்பில் மூன்று வகை வாய் உண்டு. நம்மூர் சாதா சைக்கிளில் இருப்பது வால் டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் மாட்டுகிற டன்லப் வகை. கார், பைக்கில் இருப்பது ஷ்ரேடர். விலை கூடின ரேஸ் சைக்கிள்களில் வருகிற ஒல்லியான வாய் பிரெஸ்டா. பிரெஸ்டாவுக்குப் பித்தளை அடாப்டர் இல்லாமல் வழியில் எங்கேயும் காற்றடிக்க முடியாது. ஷ்ரேடர் என்றால் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் அடித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காருக்கு 30, 35 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகிய கை உங்கள் டயருக்கும் அங்கேயே நிறுத்தும், அல்லது அந்தக் கம்ப்ரசர் சின்ன டியூப்பை ஒரே நொடியில் ஏற்றி வெடிக்க வைக்கும். டயரின் ஓரத்தில் அச்சிட்ட அளவைப் பார்த்து, விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஷ்ரேடருக்கு இன்னொரு லாபம் உண்டு. அந்த வாய்க்குப் போட்ட ரிம் ஓட்டை அகலமானது, டன்லப் வாயும் அதில் நுழையும். 28 அங்குல சாதா சைக்கிள் ரிம்முக்கும் 700சி ரிம்முக்கும் விட்டத்தில் வித்தியாசம் 13 மில்லிமீட்டர்தான். என் டயர் 38 மில்லிமீட்டர் அகலம் என்பதால், பையில் உள்ள டியூப் தீர்ந்துபோனாலும் கிராமத்துக் கடையில் தொங்குகிற 28 அங்குல டியூப்பைப் போட்டு வீடு வந்து சேரலாம். டயரைத்தான் மாற்றிப் போட முடியாது. பிரெஸ்டாவுக்குத் துளைத்த சின்ன ஓட்டை ரிம் என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் சைக்கிள் வாங்கும்போது கியர் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் வாய் என்ன வகை என்று கேட்பது மேல்.

மாமா வண்டியில் காலையிலேயே காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. வால் டியூப் இற்றுப் போயிருந்தது. கடைக்காரர் ஒரு அங்குலம் நறுக்கி எச்சில் தொட்டு மாட்டினார், முடிந்தது.

திங்கள்: உடுமலை – தாராபுரம்

உடுமலையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். இந்த மாதத்தில் ஒன்றுகூடச் சும்மா நிற்பதில்லை. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது, கியர் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. மாமா கியர் இல்லாத வண்டியில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே, "இதுக்கு எதுக்கு மாப்ள இருவத்தொண்ணு?" என்றார்.

தாராபுரம் வர ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வேகத்தடையில் பின்சக்கரத்தில் டிங் என்று சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது, அதுவும் வலது பக்கத்துக் கம்பி. எப்போதும் அங்கேதான் ஒடியும். பின்சக்கரத்தில் பல்சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகளை நெட்டுக்குத்தாக, அதிக இறுக்கத்தில் கட்டியிருப்பார்கள். பின்னால் பை மூட்டையும் இருந்தால் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். ஒரு கம்பி போனதும் ரிம் கோணி பிரேக் கட்டையில் உரசும். பிரேக்கின் கொக்கியை விடுவித்துவிட்டு, மூட்டையை மாமாவின் கேரியருக்கு மாற்றிவிட்டு, மெதுவாகத் தாராபுரம் வந்து சேர்ந்தேன். அந்தக் கேரியர் இரண்டு மூட்டை நெல்லைச் சுமந்து பழகியது, என் பையை அது கண்டுகொள்ளவே இல்லை.

கம்பி என்னிடம் இருந்தது. பின்சக்கரம் வலம், இடம், முன்சக்கரம் என்று மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு, சட்டத்தின் கீழ்க்குழாயோடு டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். சிக்கல் வேறு. வலது பக்கக் கம்பியை நுழைக்க வேண்டுமானால் ஃப்ரீவீலை, அதாவது பின்னால் இருக்கிற ஏழு பல்சக்கரக் கொத்தை, கழற்ற வேண்டும். ஃப்ரீவீலைக் கழற்ற அதன் உள்பல்லில் சரியாக உட்கார்கிற ஒரு நட்டுப் போன்ற கருவி வேண்டும். அந்தக் கருவியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போன முதல் கடையில் இருந்தது பழைய இரண்டு காது வைத்த மாடல், பொருந்தவில்லை. நான் என்னுடையதைக் கொண்டுவந்திருந்தேன், ஆனால் அதைத் திருக அரை ஆள் நீள ஸ்பேனரோ, பட்டறைகளில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பெரிய வைஸோ வேண்டும். மாதக்கணக்காக மிதித்து மிதித்து இறுகிய மரை அது. கைக்குள் அடங்குகிற ஸ்பேனருக்கு அசையாது.

இங்கேதான் கொங்கு நாட்டின் அருமை. சைக்கிள் கடை குறைந்துகொண்டே வருகிற ஊரில்கூட லேத் பட்டறை இல்லாமல் இருக்காது. மோட்டார், பம்ப்செட், போர்வெல் வண்டி, விசைத்தறி, எண்ணெய் செக்கு, இத்தனைக்கும் ஆள் வேண்டுமே. மாமா நேராக ஒரு பட்டறைக்குள் போனார். "ஏனுங் தம்பி, செத்த நேரம் உங்க வைஸ் வேணுங்" என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் கருவியை வைஸில் மாட்டி இறுக்கி, சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் ரிம்மைப் பிடித்து பஸ் ஸ்டியரிங்கைப் போல இடப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டினார். டப் என்று விட்டது. பட்டறைத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டு, இந்தக் கருவியை எங்கே வாங்கியது என்று மட்டும் விசாரித்தார்.

கழற்றின இடத்தில் மரையைத் துடைத்து கிரீஸ் தடவித்தான் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை இதைவிடச் சிரமம். பெண்டு எடுக்கிற வேலையை வண்டியிலேயே முடித்தோம். சக்கரத்தை மாட்டி, பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துச் சுற்ற வேண்டும். ரிம் வலப்பக்கம் இடித்தால் அந்த இடத்து இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஒரே கம்பியை ஒரே மூச்சில் முழுச்சுற்று இறுக்குகிறவர்கள் சக்கரத்தை முட்டை வடிவமாக்கிவிடுவார்கள்.

அந்த ஃப்ரீவீல் கருவியின் எடை ஒரு வெங்காயம் அளவுகூட இருக்காது. இரவு மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதச் சொமக்கலாம்" என்றார்.

செவ்வாய்: தாராபுரம் – காங்கேயம் – சென்னிமலை

முள் நாள். தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்கள் நிறைய. கிளுவை வேலி சுற்றி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும். காங்கேயம் மாடுகள் வளர்கிற இடம் இதுதான். வெள்வேல முள் வெள்ளையாக, நேராக, ஊசி போல இருக்கும். ஆடிக் காற்று கிளையோடு உடைத்துச் சாலையில் போட்டிருந்தது. போதாததற்குச் சாலை ஓரத்தில் சீமைக்கருவேலம், மண் பாதையில் நெருஞ்சி. மெயின் ரோட்டை விட்டு இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி வைத்த மண் பாதை) போகலாம் என்று ஆசைப்பட்டால் டயர் விலை கொடுக்க வேண்டும். நிழலான அழகான பாதைகள்தான், ஆனாலும் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

எனக்கு இரண்டு பஞ்சர், மாமாவுக்கு ஒன்று. முள் பஞ்சரில் பலரும் கோட்டை விடுவது ஒட்டுவதில் இல்லை, தேடுவதில். முள்ளின் வெளித்தலை முறிந்து போயிருக்கும், முனை மட்டும் டயர் ரப்பருக்குள் புதைந்திருக்கும். ஒட்டி மாட்டிக் காற்றடித்த ஒரு கிலோமீட்டரில் அதே முனை அதே இடத்தில் மறுபடி குத்தும். அதனால் டியூப்பை எடுத்தவுடன் வாய் இருந்த இடத்தையும் டியூப் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்ததும் டயரில் அதற்கு நேரான இடம் தெரிந்துவிடும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், பனியன் துணியால் தடவுங்கள், முள் நூலைப் பிடித்து இழுக்கும். பிறகு மூக்குக் குறடால் உள்பக்கமிருந்து பிடுங்க வேண்டும். ஓட்டை இரண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் கோடு போல இருந்தால் அது முள்ளே இல்லை. காற்று குறைவாக வைத்துக் குழியில் இறங்கி ரிம் கடித்தது.

மாமாவின் பின்சக்கரத்தைக் கழற்றுவது என்றால் செயின் கவர், பிரேக் ராடு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அரை நாள் போய்விடும். அதற்கு ஊர்க்கடைக்காரர்களின் முறையே முறை. சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி, டியூப்பைப் பக்கவாட்டில் உருவி, ஒட்டி, உள்ளே தள்ளிவிடுவது. கியர் சைக்கிளிலும் இது நடக்கும், முயன்று பாருங்கள். ஒட்டும்போது சொல்யூஷன் காய்ந்து பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும் வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் ஏறியதும் பிரிந்துகொள்ளும்.

காங்கேயம் நெருங்கும்போது தேங்காய்ப் பருப்பு காய்கிற வாசனை. களம் களமாகக் கொட்டி உலர்த்துகிறார்கள். எண்ணெய் மில் வாசலில் டீ குடித்தபோது என் செயின் கிறீச்சிடுவதைக் கேட்ட ஒரு பெரியவர், "ரெண்டு சொட்டு தேங்காண்ண உடு கண்ணு, சத்தமே வராது" என்றார். அன்றைக்குச் சத்தம் வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் புழுதியைப் பிடித்துக்கொண்டு அரைமாவு மாதிரி செயினைத் தேய்க்கும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தும் போகும். தையல் மெஷின் ஆயில் மெலிசு, ஒரு மழைக்குத் தாங்காது. செயினுக்கென்று விற்கிற ஆயில் இல்லாவிட்டால் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, பத்து நிமிடம் பெடலைச் சுற்றி, பிறகு வெளியே தெரிகிற ஆயில் முழுவதையும் துடைத்துவிடுவதே மேல். ஆயில் வேண்டியது உருளைகளுக்குள்ளே, வெளியே இருப்பது புழுதிக்குத் தீனி. பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திருப்பூர் ரோட்டில் கொஞ்சம் விலகினால் சிவன்மலை. அந்தக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து சொன்ன பொருளை, பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அதற்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அதுவே இருக்கும். மாமா அடிவாரத்தில் நின்று, "எங் கனவுல 28க்கு நல்ல டயர் வரட்டும்" என்றார். வேடிக்கை இல்லை. அந்த அளவில் தரமான டயர் கிடைப்பது இப்போது சிரமமாகிக்கொண்டு வருகிறது.

புதன்: சென்னிமலை – ஈரோடு – பவானி

எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னிமலையில் விடியலில் தறிச் சத்தம். திருப்பூர் குமரன் பிறந்த ஊர். ஈரோடு வீட்டில் மதியம் அரிசிம்பருப்பு சாதம், தயிர், ஒரு தூக்கம்.

தூங்கி எழுந்து செயினைக் கழுவினோம். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். இதைவிட நல்ல துணி சைக்கிளுக்குக் கிடையாது: நூல் உதிராது, ஆயிலைக் குடிக்கும், கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். மாமா சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துச் செயின் மேல் வைத்தார். சைக்கிள் செயினில் ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி அரை அங்குலம், ஆகவே 24 ஊசி தாண்டினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 1/8 வரை விட்டால் பின்னால் இருக்கிற பல்லும் அதோடு தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டால் பழைய பல்லில் உட்காராமல் துள்ளும். என்னுடையது 1/16-ஐத் தொடப் பார்க்கிறது, திரும்பியதும் மாற்ற வேண்டும். மாமாவுடையது கவருக்குள் இருப்பதால் மழையும் புழுதியும் படாமல் புதிது போலவே இருக்கிறது. கியர் வண்டிக்காரர்கள் எடையைக் குறைக்கிறோம் என்று கழற்றி எறிந்த தகரம், அதன் மதிப்பு இதில்தான் தெரிகிறது. அவர் செயினை என் வண்டிக்குப் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது 1/8 அங்குல அகலம், கியருக்கு 3/32 அங்குலம். வெளியூரில் கண்ணி ஒடிந்தால் சாதா கடையின் கண்ணி உதவாது. அதற்காகத்தான் பையில் அந்த இணைப்புக் கண்ணி.

பொழுதோடு பவானிக்கு ஓட்டிப் போனோம். கூடுதுறையில் ஆடிப்பெருக்குக்கு இப்போதே கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆடி 18 அன்று இந்தப் பக்கம் சைக்கிளோடு வருவதை நினைக்கவே வேண்டாம், நடக்கவே இடம் இருக்காது. மாமா ஒரு பழைய ஜமக்காளத் துண்டு வாங்கினார். எதற்கென்று நாளைக்குச் சொல்கிறேன்.

வியாழன்: பவானி – கோபி – சத்தியமங்கலம்

இன்று மேற்கே, எதிர்காற்று. ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம், ஏனென்றால் இந்தக் காற்று வெயில் ஏற ஏறத்தான் பலம் பிடிக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் பாதி வழிக்கு மேல் போய்விட்டால் பிழைத்தோம். கவுந்தப்பாடி வரை சுகம். பிறகு ஆரம்பித்தது.

இப்போதுதான் இருபத்தொரு கியருக்கு வேலை. எதிர்காற்றை ஏற்றம் என்று நினைத்துக்கொண்டு கியரைக் குறைத்து, கால் லேசாகச் சுற்றும்படி வைத்துக்கொண்டால் முட்டி தப்பிக்கும். மாமா அதைச் செய்ய முடியாதே, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு மிதித்தார். நான் முன்னால் போய், அவரைப் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வரச் சொன்னேன். முன்னால் போகிறவர் காற்றை வெட்டினால் பின்னால் வருகிறவருக்கு நன்றாகவே பாரம் குறையும். சில கிலோமீட்டரில் அவருக்கு முட்டி வலித்தது. இறங்கிப் பார்த்தால் சீட்டு மிகவும் கீழே. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சரியான உயரம். இரண்டு விரல் உயர்த்தினோம். "மில்லு வேலைக்குப் போன நாள்லருந்து இப்படியேதான் ஓட்டுறன்" என்று முணுமுணுத்தார், ஆனால் பிறகு இறக்கச் சொல்லவில்லை.

கோபியைத் தாண்டினால் நெல்வயல்தான், கண்ணுக்கு எட்டுகிற வரை பச்சை. கொடிவேரி அணையிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் செய்கிற வேலை அது. கொடிவேரியில் மீன் வறுவலுக்கு நின்றோம். சத்தி வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. மேலே திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம், யானை நடமாட்டம். சைக்கிளுக்கு அந்தப் பாதை வேண்டாம் என்பது என் கருத்து.

ஈரோட்டுக்குத் திரும்பக் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி பிடித்தோம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி என்றால் பேசினால் பாதி வாடகைக்கு வரும். ஏற்றுகிற முறையில்தான் கவனம் வேண்டும். கனமான மாமாவின் வண்டி முதலில், பலகைச் சுவரை ஒட்டி நின்றபடி. என் வண்டி அதற்கு எதிர்த்திசை பார்த்து, டிரெயிலர் இருக்கிற வலப்பக்கம் வெளியே தெரியும்படி. அந்தப் பக்கம் எதன் மேலும் சாயக் கூடாது. உள்பக்கத்துப் பெடலைக் கழற்றிவிட்டேன். இரண்டு சட்டங்களும் உரசுகிற இடத்தில் அந்த ஜமக்காளத் துண்டு மடிப்பு. "அட்டையவிட இது நகராது பாரு" என்றார் மாமா. கயிற்றைப் போக்ஸ் கம்பிகளிலோ கேபிள் ஓடுகிற குழாயின் மேலோ போடக் கூடாது, கேபிள் நசுங்கினால் கியர் தப்புத் தப்பாக விழும். சீட்டுக்குக் கீழேயும் ஹேண்டில் தண்டிலும் கட்ட வேண்டும். கயிற்றோடு பழைய டியூப்பை நீளவாக்கில் நறுக்கின பட்டையும் ஒன்று போட்டோம். கயிறு குலுக்கலில் தளரும், ரப்பர் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

டிரைவர் பொறுமை இழந்து, "போலாங்களா அண்ணா?" என்று இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். கோபியில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தபோது கயிறு ஒரு விரல் தளர்ந்துதான் இருந்தது. இழுத்துக் கட்டினோம். டியூப் பட்டை அப்படியே இருந்தது.